அலுமினியக் குதிரை ட்ரெய்லரில் தங்கும் அறையின் தரை உள்வாங்குகிறது: மேலே தகடு போடலாமா, சட்டத்தையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: வெதர்ஃபோர்ட், டெக்சாஸ்

வணக்கம். நாங்கள் ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே உள்ள வெதர்ஃபோர்டில் வசிக்கிறோம். மகள் பேரல் ரேஸிங் (பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பந்தயம்) போட்டிகளுக்குச் செல்வதால், நான்கு ஆண்டுகளுக்கு முன் கூஸ்நெக் வகை (பிக்கப்பின் பின்தொட்டியில் பொருத்தி இழுக்கும்) அலுமினிய ட்ரெய்லர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். 2006இல் ஓக்லஹோமாவில் கட்டப்பட்ட வண்டி அது. பின்பாதியில் மூன்று குதிரைகள் சாய்வாக நிற்கும் இடமும், முன்பாதியில் படுக்கை, சிறிய சமையல் மேடை, குளியலறை ஆகியவை கொண்ட தங்கும் அறையும் உள்ளன. குளியலறையின் பின்சுவர்தான் குதிரைப் பகுதியையும் எங்கள் அறையையும் பிரிக்கும் தடுப்புச் சுவர். அதில் ஒரு கதவும் உண்டு.

சென்ற மாதம் போட்டி முடிந்து திரும்பிய இரவு, அந்தக் கதவருகே கால் வைத்தபோது தரை அரை அங்குலம் உள்வாங்கியது. மறுநாள் வினைல் விரிப்பை உரித்துப் பார்த்தேன். அடியில் இருந்த பிளைவுட் கறுத்து, நீரில் ஊறிய அட்டையைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்து கையோடு வந்தது. அதற்கும் கீழே அலுமினியத் தகட்டின் மேல் வெண்ணிறப் பொடி ஈரச் சுண்ணாம்பைப் போலப் படிந்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டுத் திருப்புளியின் முனையை வைத்து மெதுவாக அழுத்தினேன். இரண்டு இடங்களில் அது தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், தடுப்புச் சுவருக்கு நேர் கீழே உள்ள குறுக்குச் சட்டமும், குதிரைப் பக்கமாக அதற்கு அடுத்த சட்டமும் மேல் விளிம்பில் எலி கரம்பியதுபோல் ஓரம் மெலிந்திருக்கின்றன. மற்றச் சட்டங்கள் பார்வைக்கு நன்றாகவே உள்ளன.

அருகில் உள்ள ஒரு பழுதுபார்ப்புக் கடையில் காட்டினேன். துளை விழுந்த பகுதியின் மேல் செக்கர் பிளேட்டை (புடைப்புக் கோடுகள் உள்ள உலோகத் தகட்டை) போட்டுச் சுற்றிலும் வெல்டிங் செய்துவிட்டால் போதும், அடியில் இரும்பு ஆங்கிள் ஒன்றை முட்டுக்கொடுத்தால் இன்னும் உறுதியாக இருக்கும், ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். தங்கும் அறையில் நாங்கள் மட்டும்தான் நடக்கிறோம் என்றால் நானும் சம்மதித்திருப்பேன். ஆனால் பழுதான இரண்டாவது சட்டத்தின் மேல்தான் முதல் குதிரையின் முன்னங்கால்கள் ஊன்றி நிற்கும். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள உயிர், ஓடும் வண்டியில் தன் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றியபடி நிற்கிறது என்பதை எண்ணும்போது அந்த யோசனையை ஏற்க மனம் ஒப்பவில்லை.

வேலி அமைக்க வாங்கிய மிக் வெல்டிங் இயந்திரம் (குழாய் வழியே கம்பியைத் தொடர்ந்து ஊட்டி இணைப்பது) என்னிடம் உள்ளது. இரும்பில் ஓரளவு பழக்கமும் உண்டு. எந்த அளவுக்கு நானே செய்யலாம், எதைக் கைதேர்ந்தவரிடம் விட வேண்டும், அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கிய வண்டிக்கு இது எப்படி நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: மொபைல், அலபாமா

வணக்கம் நண்பரே. நான் அலுமினியக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் பிரிவில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். தெரிந்தவர்களின் குதிரை ட்ரெய்லர்கள் சிலவற்றையும் பழுது பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலை முடியும்வரை அந்த வண்டியில் ஒரு குதிரையைக்கூட ஏற்றாதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி, ஏனெனில் காரணம் தெரியாமல் செய்யும் பழுது நிலைக்காது. அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். அதன் மேற்பரப்பில் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் அதைக் காக்கிறது. ஆனால் அந்தப் படலம் பி.எச். அளவு ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை இருக்கும் சூழலில்தான் நிலைத்து நிற்கும். காரத்தன்மை அதைவிட ஏறினால் கரையத் தொடங்கிவிடும். குதிரையின் சிறுநீர் இயல்பிலேயே சற்றுக் காரமானது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாகச் சிதைக்கும்போது காரம் மேலும் கூடுகிறது. ரப்பர் பாய்க்கு அடியில் காற்றும் வெயிலும் படாமல் அந்த ஈரம் நாள்கணக்கில் தேங்கி நிற்க, படலம் கரைந்து, உலோகம் குழிகுழியாக அரிக்கப்பட்டு, நீங்கள் கண்ட வெண்பொடியாக மாறுகிறது. அந்தப் பொடியும் ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொள்வதால், ஒருமுறை தொடங்கிய அரிப்பு தானாக நிற்பதில்லை. தடுப்புச் சுவரின் அடிக்கட்டையில் இருக்கும் அடைப்புப் பசை கிழிந்திருந்தால், குதிரைப் பக்கத்துச் சிறுநீர் சுவருக்கு அடியில் நுழைந்து உங்கள் பிளைவுட்டின் அடியில் போய்த் தங்கிவிடும். நீங்கள் விவரித்த இடத்தைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

இப்போது கடைக்காரர் சொன்ன முறைக்கு வருகிறேன். செக்கர் பிளேட்டை மேலே போடுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதற்கு ஒப்பானது. இரண்டு தகடுகளுக்கு இடையே ஈரமும் உப்பும் சிறைப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரிப்பு தொடரும். அதோடு, சிறுநீர் ஊறிய உலோகத்தில் வெல்டிங் நன்றாகப் பிடிக்காது. உள்ளே காற்றுக்குமிழிகள் நிறைந்து, வெளியே மட்டும் இணைப்பு போலத் தோன்றும்.

வலிமைக் கணக்கும் அவருக்கு எதிராகவே உள்ளது. இத்தகைய சட்டங்களுக்குப் பெரிதும் பயன்படும் 6061-டி6 என்ற அலுமினியக் கலவையின் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 45,000 பவுண்டு. அந்த வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது என்பதால், வெல்டிங்கின் சூடு பட்டதும் குறைந்துவிடுகிறது. வெல்டிங் கோட்டிலிருந்து சுமார் ஓர் அங்குலத் தொலைவு வரை 24,000 பவுண்டு என்றே வடிவமைப்பாளர்கள் கணக்கில் கொள்வார்கள். ஆகவே, ஏற்கெனவே மெலிந்த சட்டத்தின் மேல் சுற்றிலும் வெல்டிங் செய்தால், உறுதியாக எஞ்சியிருந்த பகுதியையும் நாமே தளர்த்தியதாகிவிடும்.

இரும்பு ஆங்கிளும் வேண்டாம். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியமே கரையும். பனிக்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் ஒரே ஒரு பயணம் போனாலும் அந்த அரிப்பு வேகமெடுக்கும்.

இனி, செய்ய வேண்டியது. பிளைவுட் முழுவதையும், அழுகாத பகுதி உட்பட, சுவர் ஓரம் வரை அகற்றிவிடுங்கள். பூஞ்சை இருக்கும், நல்ல முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். குதிரைப் பகுதியின் பாய்களையும் வெளியே எடுங்கள். தரையை ஏராளமான நீரால் கழுவி, நீர் கலந்த வினிகரால் ஒருமுறை துடைத்து, மறுபடி நல்ல நீரால் அலசி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வாடை போக வேண்டும் என்று பிளீச் ஊற்றிவிடாதீர்கள்; அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். காய்ந்த பிறகு, கைப்பிடி அளவுள்ள சிறு சுத்தியலால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை மங்கி, தட்டிய அடையாளம் பள்ளமாகப் பதியும். அந்த எல்லையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சட்டங்கள் பக்கச் சட்டத்தோடு சேரும் வெல்டிங் முனைகளைச் சிவப்புச் சாயம் ஊடுருவும் சோதனையால் பாருங்கள். சாயத்தைப் பூசி, துடைத்து, வெண்ணிறப் பொடியைத் தெளித்தால், மயிரிழை வெடிப்பும் சிவப்புக் கோடாக எழும்பி நிற்கும். இந்தச் சோதனைப் பொருள்கள் தெளிப்பான் குப்பிகளாகவே கிடைக்கின்றன.

சட்டத்தை வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பழுதான இடத்துக்கு முன்னும் பின்னும் பக்கச் சட்டங்களின் அடியில் தாங்கிகளை வையுங்கள். நன்னீர்த் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். 100 கேலன் நீர் என்றால் 380 கிலோ. இரண்டு சட்டங்களையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. ஒன்றை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும், இல்லையெனில் பக்கச் சுவர் சற்றே விலகி, பிறகு கதவு சாத்தாது.

என் விருப்பம், பழைய சட்டத்தின் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுவதைவிட, அதே உயரமுள்ள புதிய 6061-டி6 சட்டத்தை முழு நீளத்துக்கும் வைத்து, இரு முனைகளிலும் அலுமினிய ஆங்கிள் துண்டுகளால் பக்கச் சட்டத்தின் நடுச்சுவரோடு (மேல், கீழ் விளிம்புகளுக்கு இடைப்பட்ட செங்குத்துப் பகுதி) போல்ட் போட்டு இணைப்பது. போல்ட் போட்டால் வெப்பம் இல்லை, வலிமை இழப்பும் இல்லை. சட்டத்தின் கீழ் விளிம்பில், அதுவும் நடுப்பகுதியில், துளையிடவே கூடாது; சுமை ஏறும்போது அதிகமாக இழுபடுவது அந்த விளிம்புதான். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைப் பயன்படுத்தலாம். அதுவும் வேற்று உலோகம்தான் என்றாலும், பெரிய அலுமினியப் பரப்பில் சிறிய எஃகுப் போல்ட் என்பதால் தீங்கு குறைவு. ஆயினும் துளையிலும் வாஷருக்கு அடியிலும் மின்காப்புப் பசை தடவிவிடுங்கள்.

தகட்டை மாற்றுவதற்கு மட்டும் வெல்டிங் தேவைப்படலாம். அதை உங்கள் வேலி இயந்திரத்தால் அப்படியே செய்ய முடியாது. அலுமினியக் கம்பி மென்மையானது என்பதால் நீண்ட குழாயில் மடிந்து சிக்கும். அதற்கு ஸ்பூல் கன் (கம்பிச் சுருளைத் தன்னிலேயே கொண்ட வெல்டிங் துப்பாக்கி) வேண்டும். வாயுவும் கலப்படமற்ற ஆர்கானாக இருக்க வேண்டும். ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், அடியில் உள்ள உலோகமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகையால், வேறெதற்கும் பயன்படுத்தாத துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் படலத்தைத் தேய்த்து நீக்கிய உடனே வெல்டிங் செய்ய வேண்டும். உருகப் போகிறது என்பதை அலுமினியம் இரும்பைப் போல நிறம் மாறிக் காட்டாது என்பதால், முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் துளை போட்டுவிடுவார்கள். உரிய பயிற்சியுள்ளவரை அழைத்து அந்த ஒரு பகுதியை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

யார் செய்தாலும், வண்டியின் பேட்டரி இணைப்பையும் பிக்கப்போடு உள்ள மின் இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். புரொப்பேன் உருளைகளை மூடிக் கழற்றி வெளியே வைத்து, தரைக்கு அடியில் ஓடும் எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று கண்டறிந்த பிறகே தீப்பொறி எழுப்ப வேண்டும்; புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் உலோகத்தைத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகும். துடைப்பதற்கு அசிட்டோனைப் பயன்படுத்தி, அது முழுதும் ஆவியான பின் தொடங்குங்கள்.

மறுமொழி 2: ஓகாலா, ஃபுளோரிடா

மொபைல் ஐயா சொன்னவற்றோடு, குதிரை வளர்ப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கொட்டிலில் அம்மோனியா வாடையைப் போக்கச் சுண்ணாம்புத் தூள் தூவுவது இங்கே பரவலான வழக்கம். நல்லது என்று எண்ணி, அதையே நானும் மூன்று ஆண்டுகள் என் அலுமினிய ட்ரெய்லரின் பாய்களுக்கு அடியில் தூவி வந்தேன். நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம் என்பதும், அலுமினியத்தைச் சிறுநீரைவிட வேகமாகத் தின்னும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் கழுவுவதற்காகப் பாயைத் தூக்கியபோது, நடுக் குதிரை நிற்கும் இடத்தில், ஒரு குளம்பின் அளவுக்குத் தகடு தாளைப்போல் மெலிந்து, அடியிலிருந்து பகல் வெளிச்சம் ஊசிமுனைகளாகத் தெரிந்தது. முந்தைய வாரம்தான் அதே இடத்தில் என் பெண்குதிரை நான்கு மணி நேரம் நின்று வந்திருந்தாள். அந்த வெளிச்சப் புள்ளிகளை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. ஓடும் வண்டியில் குதிரையின் கால் தரையைத் துளைத்துக்கொண்டு சாலையில் உரசினால், பெரும்பாலும் அந்த உயிரைக் காப்பாற்ற முடியாது.

வாடைக்கு இப்போது சியோலைட் என்ற கனிமத் துகள்களைப் பயன்படுத்துகிறேன். அவை அம்மோனியாவை உறிஞ்சுகின்றன, காரமும் இல்லை. ஆயினும், எதைத் தூவினாலும், கழுவுவதற்கு ஈடாகாது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சாணத்தையும் நனைந்த மரத்தூளையும் அள்ளிவிடுகிறேன். மாதம் ஒருமுறை பாய்கள் அனைத்தையும் வெளியே இழுத்து, தரையைக் கழுவி, கதவுகளைத் திறந்து வைத்து முழுதும் காய்ந்த பின்பே திரும்பப் போடுகிறேன். ஒரு பாய் 45 கிலோ வரை இருப்பதால் இது தனியாளாகச் செய்யும் வேலை அன்று. கனம் என்பதற்காகவே பலர் இதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

நண்பரே, பழுது பார்த்து முடித்ததும் தடுப்புச் சுவரின் அடிப்பகுதியில் குதிரைப் பக்கமாக ஆறு அங்குல உயரத்துக்கு வளைவான தகட்டை வைத்து, மேலும் கீழும் பாலியூரித்தேன் பசையால் அடையுங்கள். சிலிக்கோன் வேண்டாம். அது விட்டுப்போன பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. வண்டியை நிறுத்தும்போது, நீர் சுவரை நோக்கி ஓடாமல் பின்கதவை நோக்கி வடியும்படி முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பதும் எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்: வெதர்ஃபோர்ட், டெக்சாஸ்

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வார இறுதிகளை இதற்கே செலவிட்டோம். பிளைவுட் முழுவதையும் எடுத்த பிறகு, நாங்கள் எதிர்பாராத இரண்டு செய்திகள் தெரிந்தன.

தங்கும் அறைப் பக்கமாக, தடுப்புச் சுவரின் அடியிலிருந்து வந்த அரிப்பு முதல் சட்டம் வரை மட்டுமே பரவியிருந்தது. ஆனால் அங்கிருந்து மூன்றடி தள்ளி, குளியல் தொட்டிக்கு முன்னால், குதிரைச் சிறுநீர் எட்ட வாய்ப்பே இல்லாத இடத்திலும் குழிகள் இருந்தன. குழாயைத் திறந்துவிட்டு மகள் உள்ளே கைவிளக்கோடு படுத்துப் பார்த்தாள். தொட்டியின் வடிகுழாய் இணைப்பிலிருந்து பத்து நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்துகொண்டிருந்தது. நல்ல தண்ணீர் அலுமினியத்தை இந்த அளவுக்கு அரிக்குமா என்று வியந்துகொண்டிருந்தபோதுதான், பிய்த்தெடுத்த பிளைவுட்டின் அடிப்பக்கம் இளம்பச்சையாக இருப்பதைக் கவனித்தேன். ஓரத்தில் முத்திரையும் இருந்தது: வெளிப்புறத் தளங்களுக்காகச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகை. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் தரையை ஒருமுறை மாற்றியிருக்கிறார், அழுகக் கூடாது என்று நினைத்து அந்தப் பலகையைப் போட்டிருக்கிறார் என்று ஊகிக்கிறேன்.

தட்டிப் பார்த்ததில் மொத்தம் ஏறத்தாழ ஆறு சதுர அடித் தகட்டை மாற்ற வேண்டும் என்று தெரிகிறது. சாயச் சோதனையில் முதல் சட்டத்தின் இடது முனையில் முக்கால் அங்குல வெடிப்பு ஒன்று சிவந்து தெரிந்தது. மற்ற முனைகள் சுத்தமாக உள்ளன. இரண்டு சட்டங்களையும் நீங்கள் சொன்னபடி போல்ட் முறையில் மாற்றவிருக்கிறோம். தகட்டுக்கு அலுமினியத்தில் அனுபவமுள்ள வெல்டர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். புதிய பலகையாக எதைப் போடலாம், அதற்கும் அலுமினியத்துக்கும் இடையே என்ன வைக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

மறுமொழி 1, மீண்டும்: மொபைல், அலபாமா

நீங்கள் கண்டுபிடித்தது முக்கியமான செய்தி. பழைய ஆர்சனிக் கலந்த மருந்தை 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோகப் பலகைகளிலிருந்து விலக்கிக்கொண்டதால், அதன் பிறகு வந்த பலகைகளில் செம்பின் அளவு கூடியது. அந்தப் பலகை நனைந்தால் செம்பு கரைந்து இறங்கி அலுமினியத்தின் மேல் நுண்துகள்களாகப் படியும். படிந்த ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு குழி விழும். தண்ணீர் தனியாக வந்திருந்தால் பலகை மட்டுமே அழுகியிருக்கும். நீங்கள் மாற்றப் போகும் பரப்பைச் சுற்றி இன்னும் ஆறு அங்குலம் வரை தகட்டைப் பளிச்சென்று தேய்த்துப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் செம்பு தொடங்கிவைத்த குழிகள் வாய் சிறுத்தும் உள்ளே ஆழ்ந்தும் இருக்கும்.

மருந்து ஏற்றாத மெரைன் பிளைவுட் போதுமானது. செலவு பொருட்டில்லை என்றால் கண்ணாடி இழை கலந்த நுரைப்பலகை இன்னும் நல்லது. அது நீரை உறிஞ்சாது, எடையும் குறைவு. பிளைவுட் என்றால் ஆறு பக்கங்களிலும், திருகாணித் துளைகளின் உள்ளும், இரண்டு முறை எப்பாக்ஸி பூசிக் காயவிடுங்கள். தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்த அன்றே அலுமினியத்துக்கான எப்பாக்ஸி பிரைமரைப் பூசிவிட வேண்டும். பலகையை நேரடியாக அதன் மேல் அழுத்தாமல், சட்டங்களுக்கு நேர் மேலே கடின பாலிஎத்திலீன் பட்டைகளை ஒட்டி, அவற்றின் மேல் பலகையை அமர்த்துங்கள். எப்போதாவது நீர் புகுந்தாலும் வடிந்து காய இடைவெளி இருக்கும். வடிகுழாய் இணைப்பைச் சரிசெய்து, ஒரு நாள் முழுதும் காகிதத் துண்டு விரித்துக் கசிவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்கு முன் பலகையைப் போட வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் குதிரையில்லாமல் ஐம்பது மைல் ஓட்டி, வந்து போல்ட்டுகளை முறுக்குவிசைக் குறடால் சரிபாருங்கள். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் சட்டத்துக்கு வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்தால், பிறகு எது தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிவிடும். அடுத்த ஓட்டத்தில் ஒரே ஒரு குதிரையை, புதிய சட்டத்தின் மேல் அல்லாமல், சக்கர அச்சுகளுக்கு நேர் மேலே உள்ள இடத்தில் ஏற்றிச் செல்லுங்கள். திரும்பி வந்து, கோடுகளை மறுபடி பார்த்த பின் முதல் இடத்தில் குதிரையை நிறுத்தலாம்.